அடுப்படியை இடித்தோம், சுவரை விட்டோம்!

"அடுப்படியை மாற்றிக் கட்டணும்" என்று நான் சொல்ல ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் வேறு ஏதாவது வந்து நின்றுகொள்ளும். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ், நாத்தனார் வீட்டுக் காதுகுத்து, மொட்டை மாடியில் ஒழுக்கு. அடுப்படி பாவம், வரிசையில் கடைசியிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை முன்னுக்குத் தள்ளியது நான் இல்லை. என் மாமியாரின் இடது மணிக்கட்டு.

2023 ஆடி மாதம். கூழ் காய்ச்சுகிற நாள். தொட்டிக் குழாயடியில் கசிந்த தண்ணீர் சிவப்புச் சிமென்ட் தரையில் பரவி, ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கியிருந்தது. அத்தை குண்டானைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அடுத்த நொடி தரையில் கிடந்தார். கூழ் ஆறியிருந்தது, அந்த மட்டும் தெய்வம் காப்பாற்றியது. மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. "இனிமே அந்தத் தரையில நான் கால் வைக்க மாட்டேன்" என்று அத்தை சொன்னபோது, எழுபது வயதுக்காரரின் அந்தக் குரலில் இருந்த பயம் என் வீட்டுக்காரரை உலுக்கிவிட்டது. "பொங்கல் முடியட்டும், வேலையை ஆரம்பிச்சுடுவோம்" என்றார்.

எங்கள் வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. 1956-ல் என் மாமனாரின் தகப்பனார் கட்டியது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அந்த மாதிரி மச்சு. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் ஆச்சிக்கல் என்கிற மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தவைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு இடித்து இறுக்கி, தட்டோடு பதித்திருப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

முதலில் மூன்று பேரிடம் மதிப்பீடு கேட்டோம். ஒருவர் வந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார், "ரெண்டேகால் ஆகும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதற்கு ரெண்டேகால் என்று கேட்டால், "எல்லாத்துக்கும்தான்!" என்றார். இரண்டாவது ஒரு பெரிய கடை. படமெல்லாம் பிரமாதம். ஆனால் அவர்கள் சொன்ன தொகை வெறும் அலமாரிக்கு மட்டும். கொத்து வேலை, குழாய், கரண்ட், தரை எல்லாம் நம் பாடு. மூன்றாவதாக வந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க காண்டிராக்டர் தம்பி. டேப் பிடித்து அளந்தார், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் தொகை எழுதிக் கொடுத்தார். மொத்தம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். என் சீட்டுப் பணம் இரண்டு லட்சம் கையில் இருந்தது. மீதிக்கு இவர் சொஸைட்டியில் கடன் போடுவதாக ஏற்பாடு.

அந்தத் தம்பி கெட்டிக்காரர். அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஆனால் அவர் தீட்டிய படத்தில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரே காணோம்!

"ஓப்பன் கிச்சன்மா. நீங்க சமைச்சுக்கிட்டே டி.வி. பார்க்கலாம். காத்தும் வெளிச்சமும் அள்ளிக்கிட்டு வரும். பத்துக்குப் பன்னிரண்டு ரூம் ஹால் மாதிரி ஆயிடும்."

சுவர் இடிக்க, சரிசெய்ய என்று பதினெட்டாயிரம் போட்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். இத்தனை வருஷம் புகையிலும் இருட்டிலும் நின்றவளுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் ஆசை வராதா? இவரும் பையனும் தலையாட்டிவிட்டார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் படத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அந்தச் சுவத்து மேலதானேப்பா கட்டை உக்காந்திருக்கு?"

"அது பார்ட்டிஷன் சுவர்தான் பாட்டிம்மா. ஒரு இரும்புச் சேனல் கொடுத்துட்டாப் போச்சு."

"பார்ட்டிஷன்னா எதுக்கு ஒண்ணரைக் கல் கனத்துல கட்டியிருக்கான்?"

"பழைய வீட்டுல எல்லாச் சுவருமே இப்படித்தான் இருக்கும்."

அவரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சுண்ணாம்பும் தூசியும் உதிர்ந்து குழம்பில் விழுகிறதே என்று 2011-ல் நாங்களே அடுப்படி மச்சுக்குக் கீழே பி.வி.சி. பலகை அடித்து மறைத்திருந்தோம். கட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, அத்தையைத் தவிர. அவருக்கு எப்படித் தெரியும்? 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலை எங்கள் ஜில்லாவில் வயதானவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மழையில் எங்கள் அடுப்படி மச்சு ஒழுகி, ஒரு கட்டை இற்றுப் போய், மாற்ற வேண்டியதாயிற்றாம். இவர் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. "ரெண்டு பக்கமும் சவுக்குக் கம்பால முட்டுக் குடுத்து, இந்தச் சுவத்தோட தலையிலதான் புதுக் கட்டையைச் சொருகினாங்க. புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நான் நின்னு பார்த்தேன்" என்றார் அத்தை.

காண்டிராக்டர் சிரித்துக்கொண்டார். இவர், "அம்மா, அவங்க தொழில் தெரிஞ்சவங்க" என்று அடக்கினார். எனக்கு மனசு இரண்டாய்க் கிடந்தது. பெரியவர் சொல்வதைத் தட்டுவதா? பத்தாவது படித்த நான் தொழில்காரரிடம் போய் என்ன வாதாட முடியும்? மறுநாள் காலை ஆள் வந்து கடப்பாரை போடுவதாக இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் என் பையன் பாய் போட்டுப் படித்துக்கொண்டே தூங்கிவிடுவான்.

விடிந்ததும் காப்பி போடுவதற்கு முன்னால் ஃபோனை எடுத்து, "தம்பி, இன்னிக்குச் சுவரைத் தொட வேண்டாம். சாமான் இறக்குற வேலையை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

பக்கத்துத் தெருவில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவரைப் போய்க் கூப்பிட்டேன். வந்தார், டார்ச் கேட்டார், ஸ்டூல் கேட்டார். பி.வி.சி. பலகை ஒன்றைக் கழற்றச் சொன்னார். பார்த்துவிட்டுக் கூடத்துப் பக்கம் போய் அங்கேயும் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கீழே இறங்கி எல்லோரையும் கூப்பிட்டார்.

"அடுப்படிப் பக்கத்துக் கட்டை அஞ்சு, கூடத்துப் பக்கத்துக் கட்டை அஞ்சு. பத்தும் இந்தச் சுவர் மேலதான் தலை வச்சுப் படுத்திருக்கு. தலையணையை உருவினா என்ன ஆகும்?"

யாரும் பேசவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். கான்கிரீட் வீடுகளில் தூணும் பீமும் கட்டி, இடையில் தடுப்புச் சுவர் வைத்திருந்தால் அதை எடுக்கலாம்; பளு தூணில் இறங்கிவிடும். பழைய வீடுகளில் தூண் ஏது? சுவர்தான் தூண். மேலே இருக்கிற மச்சின் எடை முழுதும் கட்டை வழியாகச் சுவருக்கு வந்து, சுவர் வழியாகப் பூமிக்குப் போகிறது. அப்படிப்பட்ட சுவரை எடுக்கவே முடியாது என்றில்லை. எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் முறையாக முட்டுக் கொடுத்து, எடையைக் கணக்குப் போட்டு அதற்கேற்ற பீம் வைத்து, அந்த பீமின் இரண்டு முனையும் உட்காருகிற இடத்தையும் பலப்படுத்த வேண்டும். அது பதினெட்டாயிரத்தில் ஆகிற காரியம் இல்லை. குத்துமதிப்பாக ஒரு சேனலைச் சொருகிச் செய்கிற காரியமும் இல்லை. "சுவர் ஒரே நாளில் விழாது. கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு, ஒரு மழைக்காலத்துல உக்காரும். அப்ப யார் கீழே இருப்பாங்கன்னு சொல்ல முடியாது" என்றார்.

காண்டிராக்டர் தம்பியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் வீம்பு பிடிக்கவில்லை. தானே ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து அத்தையிடம், "தப்பு என்னோடதுதான் பாட்டிம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வேலையை அவரிடமே விட்டோம்.

பொறியாளர் போகிற போக்கில் சுவரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தால், மேலே கல் லிண்டல்! ஒரு காலத்தில் அங்கே வாசல் இருந்து, பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்பை எடுப்பதால் சுவருக்கு எந்தப் பாதகமும் இல்லை என்றார். அதில் கீழே பாதியை அப்படியே விட்டு, மேல் பாதியைத் திறந்து, பரிமாறுகிற ஜன்னலாக ஆக்கிக்கொண்டோம். டி.வி. தெரிகிறது. எனக்கு அது போதும்!

பி.வி.சி. பலகையை எடுத்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. தொட்டிக்கு மேலே இருந்த கட்டையின் நுனி ஈரத்தில் ஊறிக் கரையான் அரித்திருந்தது. முட்டுக் கொடுத்து அதை மாற்றப் பதினாலாயிரம். பலகையை அடித்து மறைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது கட்டைகளைத் துடைத்து எண்ணெய் பூசித் திறந்தே விட்டிருக்கிறோம்.

கரண்ட் வேலையிலும் எதிர்பாராத செலவு. பழைய வயரிங்கில் எர்த் கம்பியே இல்லை. மிக்ஸியைத் தொட்டால் சில சமயம் விரலில் சுருக்கென்று இருக்கும். "ஈரக் கையோட தொடாதே" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறோம். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மாதிரி சுமை இழுப்பவைக்குப் பதினாறு ஆம்பியர் பிளக், அதற்குத் தனி லைன், நாலு சதுர மில்லிமீட்டர் வயர், எர்த், கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கிற முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று இருபத்து மூவாயிரம் ஆயிற்று. கணக்குப் பண்ணாமல் கொடுத்த பணம் இது ஒன்றுதான்.

மேடை உயரத்துக்கு வருவோம். நம்மில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி, தோள் வலி வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். "ஸ்டாண்டர்டு முப்பத்து நாலு அங்குலம்" என்று எல்லோரும் சொல்வார்கள். யாருடைய ஸ்டாண்டர்டு? நான் ஐந்தடி ஓர் அங்குலம். அந்தத் தம்பியே ஒரு வழி சொன்னார்: செருப்பில்லாமல் நின்று, முழங்கையை மடக்கித் தரையிலிருந்து முழங்கை வரை அளக்க வேண்டும். அதற்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும் வேலை செய்கிற மேடை. எனக்கு முழங்கை முப்பத்தெட்டு அங்குலத்தில் வந்தது. ஆக, மேடை முப்பத்து மூன்று. காகிதத்தில் எழுதினால் போதுமா? சாப்பாட்டு மேஜையின் மேல் பழைய நோட்டுப் புத்தகங்களை அடுக்கிப் பலகை போட்டு, அதே உயரத்தில் ஒரு நாள் முழுக்கச் சப்பாத்தி தேய்த்தும் காய் நறுக்கியும் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். அடுப்பு வைக்கிற இடத்தை மட்டும் மூன்று அங்குலம் தாழ்த்தச் சொன்னேன். அடுப்பின் உயரம், அதற்கு மேல் குக்கர் உயரம் எல்லாம் சேர்ந்தால் உள்ளே எட்டிப் பார்க்கவே எக்க வேண்டியிருக்கும், இல்லையா?

கேஸ் விஷயத்தில் படத்தில் இருந்ததை மாற்ற வேண்டியிருந்தது. சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தார். அழகுதான். ஆனால் நாம் சமைக்கிற கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தங்கும். மூடிய அலமாரிக்குள் தங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் கதவின் அடிப்பக்கம் நீளமாகத் துளைகள் வெட்டச் சொன்னோம். சிலிண்டர் அடுப்புக்குக் கீழ் மட்டத்தில் நேராக நிற்க வேண்டும். ரப்பர் குழாய் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வர வேண்டும். பல வீடுகளில் அந்தக் குழாயில் போட்டிருக்கிற வருஷத்தை யாருமே பார்ப்பதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றியாக வேண்டும். எங்கள் பழைய குழாயை எடுத்துப் பார்த்தால் ஏழு வருஷம் ஆகியிருந்தது, என் லட்சணம் அது!

அலமாரிக்குப் பலகை வந்த அன்று ஒரு சின்ன ரகளை. மதிப்பீட்டில் முதலில் 'வாட்டர் ப்ரூஃப் ப்ளைவுட்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. என் தம்பி மரக்கடையில் வேலை பார்ப்பவன். அவன் சொல்லி, அதை அடித்து 'ஐ.எஸ். 710' என்று எழுத வைத்திருந்தேன். தண்ணீர் புழங்குகிற தொட்டிக்கு அடியில் போடத் தகுந்தது அந்தத் தரம்தான். வண்டியில் வந்து இறங்கிய பலகையில் முத்திரையைப் பார்த்தால் 303! சாதாரணமாக வீட்டுச் சாமானுக்கு அது போதும், தொட்டியடிக்குப் போதாது. "கடையில மாத்திக் கொடுத்துட்டாங்கம்மா" என்றார் தம்பி. கடையோ அவரோ, எனக்கு எதற்கு? "அறுக்கிறதுக்கு முன்னாடியே திருப்பி அனுப்பிடுங்க தம்பி" என்றேன். அறுத்த பிறகு முத்திரை எங்கே போய்த் தேடுவது?

பதினைந்து நாள் என்று சொன்ன வேலை முப்பத்திரண்டு நாள் ஆயிற்று. அந்த முப்பத்திரண்டு நாளும் பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒற்றை அடுப்பு, கிணற்றடியில் பாத்திரம். அரிசி டிரம்மை இரண்டு வேட்டி போட்டுச் சுற்றியும் உள்ளே செம்மண் தூசி. மூன்றாவது வாரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனைக்கும் தாமதத்தில் பாதி நான் பண்ணியது. மேடைக் கான்கிரீட்டைப் போட்ட மூன்றாம் நாளே மேஸ்திரி கிரானைட் ஏற்றலாம் என்றார். சிமென்ட் மூட்டையைப் பார்த்தேன், பி.பி.சி. ரகம். பொறியாளர் சொல்லியிருந்தார், சாதாரண சிமென்ட் என்றால் ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், இந்த ரகத்துக்குப் பத்து நாள். சாக்கை நனைத்துப் போட்டு, காலையும் சாயங்காலமும் நானே செம்பில் தண்ணீர் தெளித்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி என்று பையன் கேலி பண்ணினான்.

தரைதான் முக்கியம். அதற்காகத்தானே இவ்வளவும்! டைல்ஸ் பதிப்பதற்கு முன்னால் அடித்தளம் போட்டு முடித்ததும், அத்தை ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். நடு அறையில் ஊற்றச் சொன்னார். எல்லாத் தண்ணீரும் வாட்டம் பார்த்துச் சாக்கடைத் துளைக்கு ஓடியது. ஒரு மூலையைத் தவிர. அதே மூலை! அவர் விழுந்த மூலை. மேஸ்திரி, "டைல்ஸ் ஒட்டறப்ப சரி பண்ணிக்கலாம் ஆத்தா" என்றார். அத்தை ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பப் பண்ணு. நான் பார்த்துட்டுப் போறேன்." பண்ணினார். மறுபடி வாளி, மறுபடி தண்ணீர். ஓடியது. அதற்குப் பிறகுதான் எழுந்தார். டைல்ஸ் சொரசொரப்பான ரகம். பெருக்கித் துடைக்கக் கொஞ்சம் கை வலிக்கும், வலிக்கட்டும்.

பணம் கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பி முதலில் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார். பத்தில் ஒரு பங்கு கொடுத்தோம். பிறகு இடிப்பு முடிந்ததும், கொத்து வேலை முடிந்ததும், அலமாரி வந்து இறங்கியதும் என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தோம். கடைசியில் முப்பத்தாறாயிரத்தை, வேலை முடிந்து ஒரு மாதம் புழங்கிப் பார்த்துவிட்டுத் தருவதாகத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். கட்டைக்கும் கரண்டுக்கும் கூடின தொகையைச் சேர்த்து, இடிக்காத சுவருக்கான பதினெட்டாயிரத்தைக் கழித்தால், மூன்று லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்தில் முடிந்தது.

தொட்டிக்காகக் கிரானைட்டில் வெட்டி எடுத்த துண்டை ஆட்கள் வண்டியில் ஏற்றப் பார்த்தார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய கல், விடுவேனா? அதை வாங்கி, ஜன்னல் ஓரமாக இரும்புச் சட்டம் அடித்து, இருபத்தாறு அங்குல உயரத்தில் பதிக்கச் சொன்னேன். அத்தைக்குக் கீழே உட்கார முடியாது, மூட்டு வலி. ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து அதில்தான் கீரை ஆய்கிறார், வெங்காயம் உரிக்கிறார். மருந்துக்கும் சாணைக்குமாக ஒரு சின்ன அம்மியும் அங்கே ஏறிவிட்டது. புது அலமாரியின் இழுப்பறை மட்டும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. "தொட்டா ஓடுது, தள்ளினா மூடுது, நம்ம கையில ஒண்ணுமில்ல" என்கிறார்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி வந்தார். ஒரு கதவின் கீல் தளர்ந்திருந்தது, முடுக்கினார். தொட்டியடியைத் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. முப்பத்தாறாயிரத்தை எண்ணிக் கொடுத்தேன். காப்பி குடித்துக்கொண்டே, "மகாமகக் குளம் பக்கத்துல ஒரு பழைய வீடும்மா. அவங்களும் ஓப்பன் கிச்சன்தான் கேக்குறாங்க" என்றார்.

ஜன்னல் ஓரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது: "முதல்ல அண்ணாந்து பாரு. கட்டை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்துட்டு அப்புறம் படம் போடு."

"பார்த்துட்டேன் பாட்டிம்மா. சுவரு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் தம்பி. அத்தை இன்னொரு டம்ளர் காப்பி கொடுக்கச் சொன்னார்.